ஈர வயலில் சாய்ந்த வாகையை பிக்கப்பால் இழுக்கலாமா?

பேராவூரணிப் பக்கம் வாய்க்கால் கரையில் காற்றில் வேரோடு சாய்ந்த இரண்டடி விட்ட வாகை. பிக்கப்பை வயலில் இறக்கி நேரே இழுக்கலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். வேண்டாம் சார். பத்தடித் துண்டே பச்சையில் முக்கால் டன் வரும். களிமண்ணில் டயர் சுற்றிப் புதையும், பிறகு வண்டியை இழுக்க டிராக்டர் தேட வேண்டும்.

வண்டி தார் ரோட்டிலேயே இருக்கட்டும். கம்பிவடத்தின் ஒரு முனையை ரோட்டோரப் புளியமரத்து அடியில் கட்டுங்கள். மறுமுனையைத் துண்டில் மாட்டிய கப்பியைச் சுற்றி மரத்தடிக்கே கொண்டுவந்து, அங்கே இன்னொரு கப்பியில் திருப்பி வண்டியில் மாட்டுங்கள். இழுவை ஏறக்குறைய இரட்டிப்பாகும். துண்டு பத்தடி நகர வண்டி இருபதடி போகணும். தென்னையில் கட்டாதீர்கள், ஈர மண்ணில் அதுவும் சாயும். நைலான் கயிறு அறுந்தால் சாட்டையாகத் திரும்பி அடிக்கும். கம்பிவடத்தின் மேலும் நனைந்த சாக்கு கிடக்கட்டும்.

துண்டின் முனை சேற்றைக் குத்தி நிற்கும். அடிப்பக்கத்தைச் சரிவாகச் செதுக்கி, குலை வெட்டிய வாழை மரங்களைக் குறுக்கே போட்டால் வழுக்கிக்கொண்டு வரும்.

உண்மையான ஆபத்து அறுக்கும்போதுதான். அடிமரம் அறுபட்டதும் வேர்க்கட்டி சட்டென்று நிமிர்ந்து குழிக்குள் உட்காரும். குழிப்பக்கம் யாரும் நிற்கக் கூடாது. வேரிலிருந்து நாலடி விட்டு அறுங்கள். முதலில் அமுங்கியிருக்கும் பக்கம் கொஞ்சம், பிறகு இழுபட்டு விறைத்திருக்கும் பக்கம். மாற்றி அறுத்தால் மரம் நீளவாக்கில் பிளந்து எகிறும்.

புறம்போக்கு மரமென்றால் முதலில் வி.ஏ.ஓ.விடம் ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள்.