இடுப்புக்குப் பின்னால் கால் இருக்கிறதா?

கேள்வி: இரவில் விளக்கடியில் எறும்பு மாதிரி சிறு பூச்சிகள் கூடுகின்றன. சில பறக்கவும் செய்கின்றன. மருந்து அடிப்பவர் வந்து பார்த்துவிட்டு, "சுவருக்குள் எறும்புக் கூடு இருக்கிறது, துளை போட்டு மருந்து ஏற்ற வேண்டும்" என்று முன்பணம் கேட்கிறார். கொடுக்கலாமா?

பதில்: கொடுக்காதீர்கள். நீங்கள் அனுப்பிய படத்தைப் பெரிதாக்கிப் பாருங்கள். எறும்புக்கு ஆறு கால்களும் இடுப்புக்கு முன்னால்தான் இருக்கும். உங்கள் பூச்சிக்கோ இடுப்பு போல் ஒடுங்கிய இடத்துக்குப் பின்னால் நான்கு கால்கள்! முதுகின் நடுவே வகிடு எடுத்தது போல ஒரு நேர்கோடும் தெரிகிறது. இறக்கை மூடிகள் இரண்டும் சேரும் இடம் அது. உணர்கொம்பும் எறும்புக்குப் போல முழங்கையாக மடங்கவில்லை. இது எறும்பு வேடம் போட்ட வண்டு. அந்திசிடே குடும்பம், பெரும்பாலும் 2 முதல் 4 மில்லிமீட்டர். பூஞ்சை, மகரந்தம், செத்த பூச்சி என்று கிடைத்ததைத் தின்று பிழைக்கும். சுவரையும் மரத்தையும் தொடாது.

எறும்பு மருந்துப் பசையும் வாங்க வேண்டாம். வேலைக்கார எறும்பு அதைக் கூட்டுக்குச் சுமந்து போனால்தான் அது பலிக்கும். இந்த வண்டுக்குக் கூடும் கிடையாது, ராணியும் கிடையாது. பூச்சியின் பெயரைக் கேட்டால் "எல்லாத்துக்கும் ஒரே மருந்துதான் சார்" என்பவரை வாசலோடு அனுப்பிவிடுங்கள். பில்லில் பூச்சியின் பெயரும் மருந்தின் பெயரும் எழுதச் சொன்னால் பாதிப் பேர் காணாமல் போவார்கள். தெளிப்பானைத் தோளில் மாட்டினாலே நிபுணர் என்றாகிவிட்டது. ஒரு பூச்சிக்குப் பெயர் சொல்லும் அலுவலகத்திலோ மனு, மாதிரி, மறுபடி மனு!

ஒன்றில் மட்டும் கவனம். ஆரஞ்சும் கறுப்பும் மாறி மாறி, ஒரு சென்டிமீட்டருக்குச் சற்றுக் குறைவாக, குட்டைச் சட்டை போட்டது போல இறக்கை மூடி பாதி முதுகோடு நின்றிருந்தால் அது பெடெரஸ் என்ற வேறொரு வண்டு. அதுவும் எறும்பு போலவே ஓடும், விளக்குக்கும் வரும். கடிக்காது, கொட்டாது. ஆனால் தோலில் வைத்து நசுக்கினால் அதன் உடல்நீரில் உள்ள பெடெரின் என்ற நஞ்சு ஒன்றிரண்டு நாளில் தீக்காயம் போல் கொப்புளம் எழுப்பும். கழுத்தில் ஏதோ ஊர்ந்தால் அறையாதீர்கள், ஊதித் தள்ளுங்கள். நசுங்கிவிட்டதா? உடனே சோப்புப் போட்டுக் கழுவுங்கள். அந்தக் கையோடு கண்ணைத் தேய்த்துவிடாதீர்கள்.

மற்றபடி, படுக்கும் முன் விளக்கை அணையுங்கள், ஜன்னலுக்கு வலை போடுங்கள். விழுந்து கிடப்பதைப் பெருக்கித் தள்ளினால் போதும்.