ஈயச்சொம்பு ரசம் குடிக்கலாமா? – வீட்டு வேதியியல் கேள்வி-பதில்

மாமியார் கொடுத்த ஈயச்சொம்பில்தான் எங்கள் வீட்டில் ரசம். ஈயம் விஷம் என்று படித்துவிட்டு வந்த மகள், அதைப் பரணில் ஏற்றச் சொல்கிறாள். யார் பக்கம் நியாயம்? (வாசகி, கும்பகோணம்)

மகள் படித்தது காரீயத்தைப் பற்றி. மாமியார் கொடுத்தது வெள்ளீயமாக இருக்க வேண்டும். இரண்டும் வெவ்வேறு தனிமங்கள். அணு எண் வெள்ளீயத்துக்கு 50, காரீயத்துக்கு 82. உணவு அடைக்கும் இரும்பு டப்பாக்களின் உட்புறம் பூசுவதும், பித்தளைப் பாத்திரத்தில் ஈயம் பூசுகிறவர் நவச்சாரத்தைத் தூவிப் புகை பறக்கத் தேய்ப்பதும் வெள்ளீயத்தைத்தான். காரீயம் அப்படியல்ல. உடம்பில் சேர்ந்துகொண்டே போய் நரம்பையும் சிறுநீரகத்தையும் கெடுக்கும். குழந்தைகளுக்கு மூளை வளர்ச்சியையே பாதிக்கும்.

"இருக்க வேண்டும்" என்று நான் இழுத்ததற்குக் காரணம் கலப்படம். காரீயம் மலிவு, வெள்ளீயம் விலை அதிகம். இரண்டையும் உருக்கிக் கலந்துவிட்டால் பார்வைக்குப் பிடிபடாது. ரசமோ புளியின் டார்டாரிக் அமிலமும் தக்காளியின் சிட்ரிக் அமிலமும் சேர்ந்த சூடான கரைசல். காரீயம் கலந்த சொம்பிலிருந்து அதைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கரைத்து எடுத்துவிடும்.

வெள்ளைத் தாளில் தேய்த்துப் பாருங்கள், சாம்பல் கோடு விழுந்தால் காரீயம் என்பார்கள். காரீயம் மிகுதியாக இருந்தால் கோடு விழும், உண்மைதான். பத்தில் ஒரு பங்கு கலந்திருந்தால் இந்தச் சோதனையை நம்ப முடியாது. எக்ஸ் கதிரைச் செலுத்தி உலோகக் கலவையைச் சொல்லும் கருவி உள்ள சோதனைக்கூடத்தில் கொடுத்துப் பார்ப்பதே உறுதி. அதுவரை சொம்பு அலமாரியில் இருக்கட்டும், குறிப்பாக வீட்டில் சிறு குழந்தைகள் இருந்தால். இந்த விஷயத்தில் நான் மகள் கட்சி.

சோதித்துப் பார்த்துச் சுத்த வெள்ளீயம் என்று தெரிந்தால் ஒரே ஒரு எச்சரிக்கைதான்: காலிச் சொம்பை அடுப்பில் ஏற்றாதீர்கள். வெள்ளீயம் 232 டிகிரி செல்சியஸில் உருகிவிடும். உள்ளே புளித்தண்ணீர் இருக்கும்வரை அது 100 டிகிரியை ஒட்டியே நிற்பதால் சொம்பு தப்பிக்கிறது. தண்ணீர் வற்றினால் சொம்பு அடுப்பிலேயே வழிந்துவிடும்.

ஆப்பசோடா, சலவை சோடா, பேக்கிங் பவுடர் மூன்றும் ஒன்றுதானா? ஒன்றுக்குப் பதில் இன்னொன்றைப் போடலாமா? (வாசகர், தென்காசி)

கூடாது. ஆப்பசோடா சோடியம் பைகார்பனேட். மென்மையான காரம், வாயில் போடலாம். சலவை சோடா சோடியம் கார்பனேட். எண்ணெய்ப் பிசுக்கை அறுக்கும் அளவுக்கு வலுவான காரம், சமையலறைப் பக்கமே வரக்கூடாது. பேக்கிங் பவுடர் என்பது ஆப்பசோடாவுடன் உலர்ந்த அமிலப் பொடியும் கொஞ்சம் சோள மாவும் சேர்ந்த கலவை.

ஆப்பசோடா நன்றாகப் பொங்க ஏதாவது அமிலம் வேண்டும். புளித்த மாவில் லாக்டிக் அமிலம் இருக்கிறது. இரண்டும் சேர்ந்தால் கார்பன் டை ஆக்ஸைடு குமிழிகள் கிளம்பும், ஆப்பம் பூப்பூவாக வரும். கேக் மாவில் புளிப்பு இல்லாததால்தான் அமிலத்தையும் உள்ளேயே வைத்திருக்கும் பேக்கிங் பவுடர். சோடா ஒரு சிட்டிகை கூடிப்போனால் மிஞ்சியது சட்டிச் சூட்டில் கார்பனேட்டாக மாறும். சில கடை போண்டாக்களில் நாக்கில் தட்டும் அந்தச் சோப்புக் கசப்பு அதனால்தான்.

கூடவே காஸ்டிக் சோடாவைப் பற்றிக் கேட்டிருக்கிறீர்கள். அது சோடியம் ஹைட்ராக்ஸைடு, தோலையே அரிக்கும். கையுறையும் கண்ணாடியும் இல்லாமல் தொடாதீர்கள்.

சாம்பார் கொட்டிய வேட்டியில் சோப்புப் போட்டதும் கறை சிவந்துவிட்டது. சோப்பில் கோளாறா? (வாசகர், திண்டுக்கல்)

சோப்பில் ஒன்றுமில்லை. மஞ்சளின் நிறப்பொருளான குர்குமின் அமிலத்திலும் நடுநிலையிலும் மஞ்சளாக இருக்கும், காரம் பட்டால் சிவக்கும். ஆரத்தித் தட்டில் மஞ்சள் தண்ணீரில் சுண்ணாம்பைக் கரைத்ததும் சிவப்பாவது இதே வினைதான். சிவந்த கறையில் எலுமிச்சைச் சாறு விடுங்கள், பழைய மஞ்சள் திரும்பும். ஆனால் நிறம் மாறியதே தவிரக் கறை போகவில்லை. துவைத்து நல்ல வெயிலில் காயப் போடுங்கள். குர்குமின் வெளிச்சம் தாங்காது, இரண்டு மூன்று வெயிலில் மங்கிவிடும்.

ஷாம்பு விளம்பரத்தில் வரும் பிஎச் என்னவென்றும் கேட்டிருந்தீர்கள். அமிலமா காரமா என்று காட்டும் அளவுகோல் அது. 7 நடுநிலை, கீழே போனால் அமிலம், மேலே போனால் காரம். டென்மார்க்கின் சோரன்சென் 1909-இல் கொண்டுவந்தது. ஒரு பீர் ஆலையின் ஆய்வகத்தில் பிறந்த அளவுகோல் என்பது பலருக்குத் தெரியாது. ஒவ்வொரு படியும் பத்து மடங்கு என்பதை மறக்காதீர்கள்: பிஎச் 4 உள்ள திரவம், 6 உள்ளதைவிட நூறு மடங்கு அமிலத்தன்மை கொண்டது.

பீரோவில் வைத்த பாச்சை உருண்டை எங்கே போகிறது? (வாசகி, மதுரை)

காற்றோடு. நாப்தலீன் உருகாமலே நேராக ஆவியாகும். பாடப்புத்தகத்தில் பதங்கமாதல் என்று இருக்கும். உங்களுக்கு வாசம் வருகிறதென்றால் அது மூச்சிலும் போகிறது. பச்சைக்குழந்தையின் துணிகளில் மட்டும் வைக்கவே வேண்டாம். ஜி6பிடி என்ற நொதி குறைவாகப் பிறக்கும் குழந்தைகளுக்கு நாப்தலீன் பட்டால் சிவப்பணுக்கள் உடைந்து கடுமையான மஞ்சள் காமாலை வரலாம்.

கழிவறையில் ஆசிட்டையும் பிளீச்சிங் பவுடரையும் சேர்த்துப் போட்டால் இன்னும் பளிச்சென்று ஆகுமா? (வாசகர், ஆவடி)

ஆகாது. குளோரின் வாயு கிளம்பும். முதல் உலகப் போரில், 1915 ஏப்ரலில், பெல்ஜியத்தின் ஈப்ர் போர்முனையில் ஜெர்மன் படை திறந்துவிட்டது இதே வாயுவைத்தான். தெரியாமல் கலந்துவிட்டால் சுத்தம் செய்ய நிற்காமல் உடனே வெளியே வந்துவிடுங்கள். மூச்சுத் திணறினால் மருத்துவமனைக்குப் போங்கள்.

மழைக்காலத்தில் கிணற்று நீர் கலங்கலாக வருகிறது. படிகாரம் போட்டுத் தெளிந்த நீரைக் குடிக்கலாமா? (வாசகி, பண்ருட்டி)

அப்படியே குடிக்கக் கூடாது. சேற்றுத் துகள்கள் எல்லாமே எதிர் (நெகட்டிவ்) மின்னேற்றம் கொண்டிருப்பதால் ஒன்றையொன்று தள்ளிக்கொண்டு மிதக்கின்றன. படிகாரத்தின் அலுமினியம் அந்த மின்னேற்றத்தைத் தணித்து, அவற்றைத் திரளவைத்து அடியில் படியவிடும். கிருமிகளில் ஒரு பங்கு சேற்றோடு கீழே போகும், மிச்சம் தெளிந்த நீரிலேயே இருக்கும். மேலாக இறுத்து, நன்றாகக் கொதிக்கவைத்து ஆற்றிக் குடியுங்கள்.