7 மி.மீ. நுரையீரல் கட்டி: ஆறு மாதம் காத்திருக்கலாமா?

கேள்வி: வயது 54. புகைப்பழக்கம் இல்லை. வண்டியிலிருந்து விழுந்தபோது எடுத்த சி.டி. ஸ்கேனில், வலது நுரையீரலின் கீழ் மடலில் 7 மி.மீ. அளவுள்ள, விளிம்பு சீரான திடக்கட்டி ஒன்று தெரிந்தது. ஆறு மாதம் கழித்து மறுபடி ஸ்கேன் எடுக்கச் சொல்கிறார் மருத்துவர். அதற்குள் பரவிவிடாதா? பெட் ஸ்கேன் எடுக்கலாமா? தொண்டை வறட்சியும் முதுகுவலியும் இருக்கின்றன. உறவினர் சொன்னதால் ஒரு வாரமாக ஆன்டிபயாடிக் சாப்பிடுகிறேன்.

பதில்: அந்த ஆறு மாத இடைவெளியே ஒரு பரிசோதனைதான். நுரையீரலில் வரும் திடமான புற்றுக்கட்டி கன அளவில் இரு மடங்காகப் பெரும்பாலும் 100 முதல் 400 நாட்கள் வரை ஆகும் என்பதால், பயத்தில் அடுத்த மாதமே ஸ்கேன் எடுத்தால், வளர்ச்சி இருந்தாலும் அது படத்தில் பிடிபடாமல் போய், பொய்யான நிம்மதிதான் கிடைக்கும். புற்றுநோய் வரலாறு இல்லாதவர்களுக்கு, 6 முதல் 8 மி.மீ. வரையுள்ள ஒற்றைத் திடக்கட்டி என்றால் 6 முதல் 12 மாதங்களில் மறு ஸ்கேன் என்றுதான், மார்புப் படங்களை ஆராயும் மருத்துவர்களின் பன்னாட்டு அமைப்பான ஃபிளைஷ்னர் சங்கத்தின் 2017-ஆம் ஆண்டு வழிகாட்டுதலும் சொல்கிறது. இந்த அளவில் பெரும்பாலானவை புற்றுநோய் அல்ல. நம் நாட்டில் பல, எப்போதோ வந்து ஆறிய காசநோயின் தழும்புகள்.

நீங்கள் கவனிக்க வேண்டியது வளர்ச்சி ஒன்றைத்தான். 7 மி.மீ. உருண்டை 9 மி.மீ. ஆனால், விட்டத்தில் கூடியது 2 மி.மீ. மட்டுமே; கன அளவிலோ அது இரு மடங்கைத் தாண்டிவிடுகிறது. அப்போது தாமதிக்கக் கூடாது. நுரையீரல் நிபுணரைப் பார்த்து, திசுப் பரிசோதனையா, அறுவை சிகிச்சையா என்று முடிவெடுக்க வேண்டும். ஆனால் 1 மி.மீ. வித்தியாசம், அளப்பவரின் கையைப் பொறுத்தே வந்துவிடும். ஆகவே பழைய ஸ்கேனின் அறிக்கையை மட்டுமல்ல, படங்கள் உள்ள குறுந்தகட்டையும் பத்திரப்படுத்துங்கள்; கூடுமானவரை அதே மையத்தில், குறைந்த கதிர்வீச்சில், மெல்லிய வெட்டுகளாக எடுக்கச் சொல்லி, இரண்டையும் அருகருகே வைத்து ஒப்பிடச் சொல்லுங்கள். முந்தைய ஆண்டுகளில் வேறு காரணத்துக்காக எடுத்த மார்பு ஸ்கேன் வீட்டில் கிடந்தால் இன்றே தேடி எடுங்கள். இரண்டு ஆண்டுகளுக்கு முன்பும் இதே அளவில் இருந்திருந்தால், திடக்கட்டியைப் பொறுத்தவரை கவலை அநேகமாக அத்தோடு தீர்ந்தது.

சர்க்கரையை அதிகமாக உறிஞ்சும் திசுவை ஒளிரவைத்துக் காட்டும் பெட் ஸ்கேன் இப்போது வீண் செலவு. 8 மி.மீ.க்குக் குறைந்த கட்டியில் அதை நம்ப முடியாது. காசநோயும்கூட அதில் புற்றுநோய்போல ஒளிரும். ஆன்டிபயாடிக்கை யாரும் உங்களுக்கு எழுதித் தரவில்லை, காய்ச்சலோ சளியோ இருப்பதாகவும் நீங்கள் எழுதவில்லை, நிறுத்துங்கள். தழும்பை மாத்திரை கரைக்காது. தொண்டை வறட்சியும் முதுகுவலியும் 7 மி.மீ. கட்டியால் வருபவை அல்ல. முதுகுவலிக்கு, விழுந்த அடியை நினைத்துப் பாருங்கள். சளியில் ரத்தம் வந்தாலோ, காரணமின்றி எடை குறைந்தாலோ மட்டும், குறித்துக் கொடுத்த தேதிக்காகக் காத்திராமல் உடனே மருத்துவரிடம் செல்லுங்கள்.