வேட்டங்குடிக்கு நடக்கப் போகிறீர்களா? முதலில் கண்மாயில் தண்ணீர் இருக்கிறதா என்று கேளுங்கள்

கேள்வி: தை மாதம் காரைக்குடியில் உறவினர் வீட்டுக்கு வருகிறோம். வேட்டங்குடி பறவைகள் சரணாலயத்தில் ஒரு நாள் முழுக்க நடைப்பயணம் போக ஆசை. பத்து, பதின்மூன்று வயதில் இரண்டு பிள்ளைகள். அம்மாவுக்கு 68 வயது, முழங்கால் வலி உண்டு. எத்தனை கிலோமீட்டர் நடக்கலாம்? படகு உண்டா? பழைய நீர்வழிகள் ஏதேனும் பார்க்கக் கிடைக்குமா?
– ஒரு வாசகி, கோயம்புத்தூர்

பதில்: ஒரு நாள் முழுக்க நடக்கும் அளவுக்கு அது பெரிய இடம் அல்ல. சிவகங்கை மாவட்டத்தில் மதுரை – திருப்பத்தூர் சாலையை ஒட்டி, செட்டிநாட்டின் மேற்கு ஓரத்தில் இருக்கும் இந்தச் சரணாலயம் பெரிய கொள்ளுக்குடிப்பட்டி, சின்னக் கொள்ளுக்குடிப்பட்டி, வேட்டங்குடிப்பட்டி என்ற மூன்று கண்மாய்களைக் கொண்டது. 1977இல் அறிவிக்கப்பட்டது, மொத்தமே 38.4 ஹெக்டேர், அதாவது சுமார் 95 ஏக்கர். காலையில் இரண்டு மணி நேரம் ஒதுக்கினால் நிறைவாகப் பார்த்துவிடலாம். மலை நடைப்பயணம் போல இத்தனை கிலோமீட்டர் என்று கணக்கு வைத்து வருகிறவர்கள் ஏமாந்து திரும்புவார்கள். கண்மாய்க்கு நீர் எங்கிருந்து வருகிறது, எங்கே போகிறது என்று பின்தொடர்ந்து நடந்தால் மிச்ச நாளும் போதாது. அதற்குப் பின்னால் வருகிறேன்.

டிக்கெட் எடுக்கும் முன்பே உறவினரிடம் ஒரு வேலை சொல்லுங்கள்: கண்மாயில் தண்ணீர் நிற்கிறதா என்று திருப்பத்தூர்ப் பக்கம் விசாரிக்கச் சொல்லுங்கள். வடகிழக்குப் பருவமழை ஏமாற்றிய ஆண்டில் தை மாதத்திலும் கண்மாய் வெறுந்தரையாகக் கிடக்கும். பறவைகள் கூடு கட்டுவது நீருக்குள் நிற்கும் நாட்டுக் கருவேல மரங்களில். அடியில் நீர் நின்றால்தான் பூனையும் கீரியும் நாயும் மரத்தை நெருங்காது. நீர் இல்லாவிட்டால் அந்த அரணும் இல்லை, சுற்றிலும் இரையும் இல்லை; பறவைகள் வேறு ஊர் பார்த்துப் போய்விடும். மழை நன்றாகப் பெய்த ஆண்டு என்றால் நவம்பர் முதல் பிப்ரவரி வரை நல்ல காலம். தை மாதம் கூட்டில் குஞ்சுகளையும் பார்க்கலாம்.

நத்தை குத்தி நாரை, வெள்ளை அரிவாள் மூக்கன், கரண்டிவாயன், சாம்பல் நாரை, பாம்புத் தாரா, வக்கா, நீர்க்காகம் ஆகியவை இங்கே வருகின்றன. நத்தை குத்தி நாரையின் அலகுக்கு நடுவே தெரியும் இடைவெளியைப் பிள்ளைகளுக்குக் காட்டுங்கள். வாயை மூடினாலும் அந்தச் சந்து மூடாது. வயலில் கிடக்கும் நத்தைதான் அதற்கு முக்கிய இரை.

காலை ஆறு மணிக்கெல்லாம் கரையில் இருங்கள். இந்தப் பக்கத்து நிலம் கடலை நோக்கிக் கிழக்கும் தென்கிழக்குமாகச் சரிவதால் கண்மாய்க் கரை பெரும்பாலும் அந்தத் திசையில்தான் இருக்கும். நீர் மேற்கே, சூரியன் உங்கள் முதுகுக்குப் பின்னால். பறவையின் நிறம் துல்லியமாகத் தெரியும். கரை உச்சியில் வரிசையாக நடக்காதீர்கள். வானத்தின் பின்னணியில் உங்கள் உருவம் தெரிந்த உடனே கூட்டம் முழுவதும் எழும்பிவிடும். கரையின் வெளிச்சரிவில், உச்சிக்குச் சற்றுக் கீழே நடந்து, வேண்டிய இடத்தில் மட்டும் மெல்லத் தலையை உயர்த்திப் பாருங்கள். நாரைகள் கழுத்தை நீட்டி விறைத்து நின்றால் நீங்கள் அளவுக்கு மீறி நெருங்கிவிட்டீர்கள் என்று பொருள். பின்வாங்கிவிடுங்கள். தாய்ப்பறவை பறந்து போன சில நிமிடங்களில் வெயிலும் காக்கையும் குஞ்சைத் தீர்த்துவிடும்.

ட்ரோன் கொண்டுவரும் எண்ணம் இருந்தால் வீட்டிலேயே வைத்துவிட்டு வாருங்கள். இது 1972ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்துக்குட்பட்ட இடம். சட்டத்தை விடவும் கொள்ளுக்குடிப்பட்டி மக்களுக்கு மரியாதை கொடுங்கள் என்பேன். பறவைகள் மிரளக்கூடாது என்பதற்காகத் தலைமுறைகளாகத் தீபாவளிக்குக்கூட வெடி வெடிக்காத ஊர் அது. அந்த ஊர்க் கரையில் நின்று கைப்பேசியில் பாட்டுப் போடுகிறவர்களைப் பார்த்தால் எனக்கு இரத்தம் கொதிக்கிறது.

இனி நீர்வழிகள். செட்டிநாட்டில் வற்றாத ஆறு கிடையாது. பெய்த மழையைத் தேக்கி, நிறைந்த பின் மிச்சத்தை அடுத்த கண்மாய்க்கு அனுப்பி, அது நிறைந்ததும் அதற்கடுத்த கண்மாய்க்கு என்று சங்கிலியாகக் கோத்து வைத்த ஊர்கள் இவை. நடைக்கு நான் பரிந்துரைப்பது சரணாலய எல்லைக்கு வெளியே, ஏதாவது ஒரு கண்மாயின் கலுங்கிலிருந்து தொடங்குவது. கரையின் ஓர் ஓரத்தில் வரிசையாக நட்ட கற்களோடு தாழ்வாக ஒரு கல்கட்டு இருக்கும். மிகைநீர் வழிந்து மறுகால் பாய்வது அதன் வழியாகத்தான். பருவத்தின் கடைசியில் அந்தக் கற்களுக்கு இடையே தழையும் மண்ணும் அடைத்து இன்னும் ஒரு சாண் தண்ணீரைத் தேக்கிக் கொள்வது பழைய வழக்கம். மேலூரார் ஒரு சாண் கூட்டினால் கீழூரார் வயல் காயும். ஊர்ச் சண்டைகள் எத்தனையோ இந்தக் கற்களின் உயரத்தில் தொடங்கியிருக்கின்றன. கலுங்கிலிருந்து இறங்கும் வாய்க்காலோடு நடந்தால் அடுத்த கண்மாயின் உள்வாயில், அதாவது நீர் வந்து தேங்கும் பக்கத்தில், கொண்டுபோய் விடும்.

கண்மாயின் உள்ளே, கரையிலிருந்து சற்றுத் தள்ளி, நீருக்கு மேல் இரண்டு கல் தூண்களும் குறுக்கே கல் சட்டங்களும் தெரிந்தால் நின்று பாருங்கள். அது குமிழித் தூம்பு. தூண்களுக்கு அடியில் ஒரு கல்தொட்டி. அதன் மேல் பலகைக் கல்லில் ஒரு துளை. துளையை அடைக்க அம்மிக் குழவி போல ஒரு கல். பாசனத்துக்கு நீர் வேண்டும்போது ஒருவர் நீந்திப் போய் அந்தக் கல்லைத் தூக்குவார். நீர் தொட்டிக்குள் இறங்கி, கரைக்கு அடியில் புதைத்த கால்வாய் வழியாக வயலுக்குப் போகும். தொட்டியின் பக்கவாட்டில், தரையை ஒட்டிச் சிறிய துளைகள் இருக்கும்: சேறோடித் துளைகள். மேலே நீர் இழுபடும் வேகத்தில் அடியில் படிந்த சேறும் அவற்றின் வழியே நுழைந்து நீரோடு வயலுக்குப் போய்விடும். கண்மாய்க்குத் தூர் குறைவு, வயலுக்கு வண்டல். அடுத்துள்ள புதுக்கோட்டைப் பகுதியில் கல்வெட்டுப் பொறித்த குமிழித் தூண்கள் பல இருக்கின்றன. உங்கள் மூத்த பிள்ளை பள்ளியில் நீரழுத்தம் படித்திருந்தால் இந்த ஒரு இடத்திலேயே அரை மணி நேரம் போய்விடும். தூணில் எழுத்து தெரிந்தால் படம் மட்டும் எடுங்கள். சுண்ணாம்போ மாவோ பூச வேண்டாம்.

வாய்க்காலோரம் வயல்வரப்பில் இறங்கும் முன் வயல்காரரிடம் ஒரு வார்த்தை கேளுங்கள். தையில் கதிர் முற்றி நிற்கும்.

எச்சரிக்கைகளில் எனக்கு முக்கியமாகப் படுவது ஒன்றுதான்: கண்மாய்க்குள் இறங்கக் கூடாது, முழங்கால் அளவு நீர் என்று தோன்றினாலும். மண் அள்ளிய குழிகள் நீருக்கடியில் தெரியாது; இரண்டடி தள்ளி இரண்டு ஆள் ஆழம் இருக்கும். கலுங்கில் நீர் வழியும்போது கல்லில் கால் வைக்க வேண்டாம், பாசி வழுக்கும். சீமைக் கருவேல முள் ரப்பர் செருப்பைத் துளைத்துவிடும். அடிப்பாகம் தடித்த ஷூ போட்டுக்கொள்ளுங்கள். புதர் மண்டிய இடத்தில் கம்பால் தரையைத் தட்டிக்கொண்டே நடந்தால் பாம்பு பெரும்பாலும் விலகிப் போகும்.

உங்கள் அம்மா சரணாலயத்தில் சாலையை ஒட்டிய பகுதி வரை வந்தால் போதும். கரைச்சரிவு முழங்காலுக்கு ஆகாது. அவருக்காகப் பத்து மணிக்கு மேல் வைரவன்பட்டிக்கோ பிள்ளையார்பட்டிக்கோ போய்விடுங்கள். இரண்டும் நகரத்தாரின் ஒன்பது கோயில்களைச் சேர்ந்தவை, இரண்டும் திருப்பத்தூரிலிருந்து காரைக்குடி திரும்பும் வழியிலேயே கிடைக்கும். சமதரையில் நடந்து குளத்தைச் சுற்றிப் பார்க்கலாம். அடுத்த நாள் நேரம் இருந்தால் கானாடுகாத்தானில் பெரிய வீடுகளை மட்டும் பார்த்துவிட்டுத் திரும்பாமல், ஓட்டுக் கூரையில் விழுந்த மழை முற்றத்துக்கு எப்படி இறங்குகிறது, அங்கிருந்து தெருக்கால்வாய் வழியாக எங்கே போகிறது என்று கேட்டுப் பாருங்கள். ஊருணியில், அதாவது ஊர்ப் பொதுக்குளத்தில், கொண்டுபோய் நிறுத்துவார்கள். குடிநீர் ஊருணி என்றால் காலை நனைக்காதீர்கள்.

படகை மறந்துவிடுங்கள். கூட்டு மரங்களுக்கு அடியில் படகு விட்டால் மறு ஆண்டு பறவை வராது. குடிநீரும் பிள்ளைகளுக்குத் தின்பண்டமும் கையோடு கொண்டுபோய், குப்பையைத் திருப்பிக் கொண்டுவாருங்கள். காலை உணவைத் திருப்பத்தூரில் வைத்துக்கொள்வது வசதி. தை மூன்றாம் நாள் மட்டும் வேண்டாம்: அன்று திருப்பத்தூர் – காரைக்குடி சாலையிலுள்ள சிராவயலில் மஞ்சுவிரட்டு நடக்கும், அந்தப் பக்கம் முழுக்க வண்டியும் சனமுமாக இருக்கும்.