அம்மம்மாவோடும் பிள்ளைகளோடும் கோட்டைக்குள் ஒரு நாள்

கேள்வி: அக்கா, நான் உவர்மலையில் இருக்கிறேன். ஆகஸ்ட் விடுமுறைக்கு யாழ்ப்பாணத்திலிருந்து என் தங்கச்சி குடும்பம் வருகிறது. மூன்று பிள்ளைகள், பெரியவனுக்குப் பன்னிரண்டு, கடைசிக்கு நான்கு. கூடவே அம்மாவும் வருகிறா, முழங்கால் வருத்தக்காரி. மரமும் பழைய கட்டடங்களுமாக, ஆறுதலாக இருந்து சாப்பிட்டுவிட்டு வரக்கூடிய சரித்திர இடம் எது? வான் பிடித்தால் கன்னியா, நிலாவெளி, கோட்டை மூன்றையும் ஒரே நாளில் முடிக்கலாம் என்கிறார் வீட்டுக்காரர். சரிவருமா?
– வாசகி, திருகோணமலை

பதில்: சரிவராது தங்கச்சி. நாங்கள் ஒருமுறை அப்படித்தான் போனோம், நிலாவெளிக்குப் போய்ச் சேருவதற்குள் சின்னவன் வானுக்குள்ளேயே சத்தி எடுத்துவிட்டான், மாமி கோட்டை வாசலில் இறங்கவே மாட்டேன் என்றுவிட்டா. அன்றைக்கு யாருக்கும் எதுவும் மனதில் நிற்கவில்லை. ஆகவே பிரெட்ரிக் கோட்டையை மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். உள்ளே மலைமேல் இருக்கும் கோணேசரைக் கும்பிடப் போகும் அவசரத்தில் நாங்கள் ஓட்டோவில் கடந்துபோகிற இடம்தான், ஆனால் இறங்கி நடந்தால் ஒரு நாள் காணாது.

காலை ஏழு மணிக்கே வாசலில் நில்லுங்கள். ஆகஸ்ட்டில் கச்சான் காற்று சுடச்சுட அடிக்கும், பத்து மணிக்குப் பிறகு பிள்ளைகள் சிணுங்கத் தொடங்கிவிடுவார்கள். வாசலில் பெரியவனை நிறுத்தி அந்தக் கல்லைப் பார்க்கச் சொல்லுங்கள். இரண்டு கயல் மீன்களும் தேய்ந்துபோன தமிழ் எழுத்துகளும் தெரியும். ‘முன்னே குளக்கோட்டன்’ என்று தொடங்கும் பாட்டு அது, குளக்கோட்டன் என்ற மன்னன் கோணேசர் கோயிலுக்குச் செய்த திருப்பணியைப் பறங்கி, அதாவது போர்த்துக்கேயன், பின்னால் பிரிப்பான் என்று சொல்கிறது. அம்மாவுக்கு அந்தப் பாட்டு கட்டாயம் தெரிந்திருக்கும், அவவையே சொல்லவிடுங்கள். 1620களில் போர்த்துக்கேயர் மலைமேல் இருந்த கோயிலை இடித்து, அந்தக் கற்களையும் சேர்த்துத்தான் இந்தக் கோட்டையைக் கட்டினார்கள். 1639இல் ஒல்லாந்தர் பிடித்தார்கள், 1795இல் ஆங்கிலேயர். 1803இல் யோர்க் கோமகனின் பெயரை வைத்து பிரெட்ரிக் கோட்டை ஆக்கினார்கள். இவ்வளவும் நடந்த பிறகும் அந்தக் கல் அங்கேயே நிற்கிறது. பிள்ளைகள் புத்தகத்தில் படித்ததைக் கையால் தொட்டுப் பார்க்கட்டும்.

உள்ளே போனதும் மரநிழல். புள்ளிமான்கள் படுத்திருக்கும், கடைசிப் பிள்ளைக்கு அதுவே போதும், ஒரு மணித்தியாலம் அசையாது. அப்புறம் அம்மாவை ஓட்டோவில் ஏற்றிக் கோயிலுக்குக் கிட்டவாக இறக்குங்கள், மற்றவர்கள் நடக்கலாம். வெயில் ஏறினால் கோயில் தரை கால் வைக்க முடியாமல் சுடும், ஆகவே பூசையைக் காலையிலேயே பார்த்துவிடுங்கள். 1950இல் கிணறு வெட்டும்போது மண்ணுக்குள்ளிருந்து கோயிலின் பழைய விக்கிரகங்கள் வெளிப்பட்ட கதையையும், 1963இல் கும்பாபிஷேகம் நடந்ததையும் அங்கே வைத்தே சொல்லுங்கள். உங்கள் அம்மாவின் வயதுக்கு அந்தக் கும்பாபிஷேகமே நினைவிருக்கலாம்.

இராவணன் வெட்டில் கடைசிப் பிள்ளையின் கையை விடவே விடாதீர்கள். மலை செங்குத்தாகக் கடலுக்குள் இறங்குகிறது. பக்கத்து மரத்தில் பிள்ளை வரம் கேட்டுக் கட்டிய மரத் தொட்டில்களைப் பார்த்திருப்பீர்கள். உள்ளங்கை அளவு, சிலது வெயிலில் வெளுத்து நூல் மட்டும் இறுகிப்போய்க் கிடக்கும். அந்த இடத்தில் நான் எப்போதும் கொஞ்சம் பேசாமல் நின்றுவிட்டுத்தான் வருவேன். வீட்டில் தொலைநோக்கி இருந்தால் கொண்டுபோங்கள். எங்கள் கரையை ஒட்டியே கடலடியில் ஆழமான பள்ளத்தாக்கு இருப்பதால் நீலத்திமிங்கிலம் கிட்ட வரும், பங்குனி சித்திரையில்தான் வாய்ப்புக் கூட, ஆனாலும் பார்க்கிற கண்ணுக்கு ஒரு வேலை.

ஒரு விஷயம், கோட்டைக்குள் இராணுவம் இருக்கிறது. மறித்த பக்கம் போகவோ படம் எடுக்கவோ வேண்டாம் என்று பெரியவனிடம் முதலே சொல்லிவையுங்கள்.

கேள்வி: கோட்டைக்குள் இருக்கும் வெலிங்டன் வீடு பற்றி மகன் கேட்கிறான். அங்கே காய்ச்சலாகக் கிடந்ததால்தான் அவர் மூழ்கிய கப்பலில் ஏறவில்லை என்பது உண்மையா?
– வாசகர், திருகோணமலை

பதில்: பாதி உண்மை. பின்னாளில் வாட்டர்லூவில் நெப்போலியனை வென்ற ஆர்தர் வெல்லெஸ்லிதான் அந்த வெலிங்டன். 1800ஆம் ஆண்டின் கடைசியில் படையோடு இங்கே வந்திருந்தார். ஆனால் காய்ச்சலில் படுத்தது இங்கிருந்து பம்பாய்க்குப் போன பிறகு. அவர் ஏறவிருந்த சூசானா என்ற கப்பல் அவர் இல்லாமல் புறப்பட்டு வழியில் மூழ்கியது. மகனிடம் இப்படியே சொல்லுங்கள், கதையின் சுவை குறையாது.

கேள்வி: சாப்பாடு கட்டிக்கொண்டு போகலாமா அக்கா? மான்களுக்கும் கொடுக்கலாமா?
– வாசகி, நிலாவெளி

பதில்: தாராளமாகக் கட்டுங்கள். கோயிலுக்குப் போகிற நாள், மரக்கறிதான். இடியப்பமும் சொதியும் வெயிலில் பழுதாகிவிடும், புளிச்சாதம் நிற்கும். வாழையிலையில் கட்டுங்கள், பொலித்தீன் லஞ்ச் சீற் வேண்டாம். ஏன் சொல்கிறேன் என்றால், போன முறை ஒரு பெண்மான் என் கண் முன்னாலேயே பொலித்தீன் பை ஒன்றைப் பாதி விழுங்கிவிட்டு, மீதி வாயோரம் தொங்க மென்றுகொண்டு நின்றது. கிட்டப் போனேன், ஓடிவிட்டது. பொலித்தீன் குடலை அடைத்துச் செத்த மான்கள் இங்கே கொஞ்சமல்ல. அவற்றுக்கு எதுவும் கொடுக்க வேண்டாம், பிள்ளைகள் கேட்டு அழுதாலும் வேண்டாம். குப்பைக்கு ஒரு துணிப்பை கொண்டுபோய், கட்டிய நூல் வரைக்கும் வீட்டுக்குத் திருப்பிக் கொண்டுவாருங்கள்.