மூலையைத் தோண்டாதீர்கள்: கால் நகம் சதைக்குள் போனால்

அறுவை சிகிச்சைப் பிரிவில் நர்ஸாக 22 வருடம் வேலை பார்த்திருக்கிறேன். அதில் கடைசி 9 வருடம் சுகர் நோயாளிகளின் பாதம் பார்க்கும் அறையில். கால் கட்டைவிரல் நகம் சதைக்குள் போவதைப் பற்றிக் கேளுங்கள் என்று சொன்னதும் இத்தனை கேள்வி வரும் என்று நினைக்கவில்லை. ஒவ்வொன்றாகச் சொல்கிறேன்.

பிளஸ் டூ படிக்கும் என் பையனுக்குக் கட்டைவிரல் ஓரம் சிவந்து சீழ் வைத்தது. மெடிக்கலில் கேட்டு 5 நாள் மாத்திரை கொடுத்தேன், சரியானது. மறுபடி வந்தது. இது மூன்றாவது முறை. ஏன் சிஸ்டர் இப்படி? (ஈரோட்டிலிருந்து ஓர் அம்மா)

காலில் முள் தைத்திருக்கும்போது முள்ளை எடுக்காமல் மாத்திரை மட்டும் கொடுத்தால் என்ன ஆகும்? வீக்கம் கொஞ்சம் வற்றும், முள் அங்கேயே இருக்கும். உங்கள் பையனுக்கு நடப்பது அதுதான் அம்மா. அந்த முள், அவனுடைய நகத்தின் ஓரமே.

அவன் நகம் வெட்டும்போது பக்கத்தில் உட்கார்ந்து பாருங்கள். கை நகம் மாதிரியே வளைத்து, இரண்டு மூலையையும் உள்ளே விட்டு வெட்டுவான். மூலையின் அடி வரைக்கும் நகவெட்டி போகாது. அதனால் கடைசியில் ஒரு சின்னக் கூர் வெட்டுப்படாமல் நிற்கும். மேலே சதை மூடியிருப்பதால் அது கண்ணுக்குத் தெரியாது. கால் நகம் மாதத்துக்கு ஒன்றரை மில்லிமீட்டர் அளவுக்கு வளரும். நகம் வளர வளர அந்தக் கூர் சதையைக் குத்திக்கொண்டே முன்னால் நகரும். வெட்டிய அன்று சுகமாக இருக்கும், இரண்டு மூன்று வாரத்தில் விண்விண் என்று தெறிக்கும். வலிக்கிறதே என்று இன்னும் ஆழமாகத் தோண்டி எடுப்பான். அடுத்த முறை கூர் இன்னும் உள்ளே இருந்து கிளம்பும்.

இப்படி வந்த ஒரு கல்லூரிப் பையனின் விரலிலிருந்து டாக்டர் அந்தத் துண்டை எடுத்து என் கையில் இருந்த பஞ்சில் வைத்தார். அரிசி நொய் அளவுகூட இல்லை. ஒரு பக்கம் மட்டும் மீன் முள் மாதிரி கூர். இதற்காகவா நான்கு மாதம் செருப்பு போட முடியாமல் நடந்தேன் என்று அந்தப் பையன் அதையே பார்த்துக்கொண்டிருந்தான்.

மூன்றாவது முறை என்பதால் இனிமேல் மெடிக்கலில் கேட்டு மாத்திரை வாங்க வேண்டாம். அரசு மருத்துவமனை என்றால் சர்ஜரி ஓ.பி.க்குக் கூட்டிப் போங்கள். தோல் டாக்டரும் பார்ப்பார். அப்புறம், அவன் முகப்பருவுக்கு ஐசோட்ரெட்டினாயின் மாத்திரை சாப்பிடுகிறானா என்று கேளுங்கள். அதைச் சாப்பிடும் சிலருக்கு நக ஓரம் இப்படிப் புண்ணாகும். சாப்பிட்டால் டாக்டரிடம் மறக்காமல் சொல்லுங்கள்.

எனக்கு இப்போதுதான் ஆரம்பம். அழுத்தினால் வலிக்கிறது, சீழ் இல்லை. வீட்டிலேயே சரி செய்ய முடியுமா?

முடியும். இந்தக் கட்டத்தில் வருகிற பலருக்கு வீட்டு வைத்தியமே போதும், பொறுமைதான் வேண்டும்.

கை பொறுக்கும் சூட்டில் தண்ணீர் எடுத்து, 15 நிமிடம் காலை அதில் வையுங்கள். ஒரு நாளைக்கு இரண்டு மூன்று தடவை. கல்லுப்பு போடலாம், போடாவிட்டாலும் குறையில்லை. நகத்தையும் சதையையும் இளக வைப்பது வெதுவெதுப்பான தண்ணீர்தான். காலைத் துடைத்துவிட்டு, ஓரச் சதையை விரலால் நகத்திலிருந்து விலக்கி மெதுவாக நீவி விடுங்கள். பிறகு சுத்தமான பஞ்சில் ஒரு சிட்டிகை எடுத்து, விளக்குத் திரியை விட மெல்லியதாக உருட்டுங்கள். அதை நக மூலைக்கு அடியில் நுழைத்து வையுங்கள். ஊசி, சேஃப்டி பின் எதுவும் வேண்டாம், விரல் நுனியால் நுழைகிற அளவு போதும். மூலை ஒரு நூல் அளவு மேலே எழும்பினால்கூடச் சதைக்கு மூச்சு கிடைக்கும். தினமும் பஞ்சை மாற்ற வேண்டும். நனைந்த பஞ்சு உள்ளேயே கிடந்தால் அதுவே சீழுக்கு வழி.

பஞ்சு வைக்கப் பயமாக இருந்தால் பிளாஸ்திரி முறை இருக்கிறது. பிளாஸ்திரியின் ஒரு முனையை நகத்தை ஒட்டிய சதையின் மேல் ஒட்டி, சதையை நகத்திலிருந்து விலகும்படி இழுத்து, விரலுக்கு அடியில் சாய்வாகச் சுற்றி ஒட்டுங்கள். செலவே இல்லாத வைத்தியம்.

நகத்தின் மூலை சதையைத் தாண்டி வெளியே தெரியும் வரை இதைத் தொடர வேண்டும். சில வாரங்கள் ஆகும். இடையில் சீழ் வந்தாலோ, வலி கூடினாலோ நிறுத்திவிட்டு டாக்டரிடம் போங்கள்.

எங்கள் ஆத்தா எலுமிச்சம்பழத்தைத் துளைத்து விரலில் சொருகச் சொல்கிறார்கள். செய்யலாமா?

ஆத்தா சொல்வது நகச்சுற்றுக்கு. நகத்தைச் சுற்றியுள்ள சதையில் கிருமி புகுந்து வீங்குவதுதான் நகச்சுற்று. கைவிரலில், அதிலும் பாத்திரம் கழுவுகிறவர்களுக்கு அதிகம் வரும். கால் கட்டைவிரலில் வீக்கத்துக்குக் காரணம் நகம் குத்துவது. பழம் அந்த நகத்தை வெளியே எடுக்காது. புண் இருந்தால் எரிச்சலும் கூடும். சுண்ணாம்பு வைப்பதை மட்டும் யார் சொன்னாலும் கேட்காதீர்கள். தோல் வெந்து வந்தவர்களுக்கு நானே கட்டுப் போட்டிருக்கிறேன்.

நகத்தின் நடுவில் ஆங்கில வி போல வெட்டிவிட்டால், நகம் நடுவை நோக்கி வளர்ந்து ஓரம் விடுபடும் என்கிறார்களே?

நகம் வளர்வது அடியில், தோலுக்குள் இருக்கும் வேரிலிருந்து. நுனியில் என்ன வடிவம் வெட்டினீர்கள் என்பது வேருக்குத் தெரியாது. அந்த வெட்டு காலுறையில் மாட்டத்தான் உதவும்.

அப்பாவுக்கு 68 வயது, 20 வருடமாகச் சுகர். கட்டைவிரல் ஓரம் கறுத்து நீர் வடிகிறது. ஆனால் வலியே இல்லை என்கிறார். ஒரு வாரம் பார்க்கலாமா? (மதுரை)

பார்க்க வேண்டாம். இதைப் படித்ததும் கூட்டிக்கொண்டு கிளம்புங்கள்.

வலி இல்லை என்பதுதான் இங்கே பயப்பட வேண்டிய விஷயம். பல வருடச் சர்க்கரை, பாத நரம்புகளை மரக்கச் செய்துவிடும். நகம் சதையைக் குத்திக் கிழித்தாலும் மூளைக்குச் செய்தி போகாது. கூடவே ரத்த ஓட்டமும் குறைந்திருந்தால் புண் ஆறாது. நான் பார்த்த ஒரு பெரியவர் ஷூ போட்டு நடந்தே வந்தார். காலுறையைக் கழற்றினேன், நுனி விரலோடு ஒட்டியிருந்தது. உப்புத் தண்ணீரில் நனைத்து நனைத்துத்தான் பிரிக்க முடிந்தது. உள்ளே விரல் பாதி கறுத்திருந்தது. அவர் கடைசி வரை சொன்னது, "வலிக்கவே இல்லையேம்மா." அந்த விரலைக் காப்பாற்ற முடியவில்லை. தொடங்கியது நக மூலையில் ஒரு சின்னப் புண்ணாகத்தான்.

சுகர் உள்ளவர்கள் முன்னால் சொன்ன வெந்நீர் வைத்தியத்தைத் தாங்களாகச் செய்யக் கூடாது. சூடு தெரியாமல் கால் வெந்துபோகும். பஞ்சு நுழைப்பது, பிளேடு வைப்பது எதுவும் வேண்டாம். கண் சரியாகத் தெரியாதவர்களுக்கு வீட்டில் வேறொருவர் நகம் வெட்டிவிட வேண்டும். தினமும் ராத்திரி பாதத்தையும் விரலிடுக்கையும் பார்க்க வேண்டும், குனிய முடியாவிட்டால் தரையில் ஒரு கண்ணாடியை வைத்துப் பார்க்கலாம்.

அப்பாவுக்கு எம்.சி.ஆர். செருப்பு பற்றியும் டாக்டரிடம் கேளுங்கள். வேலூரில் டாக்டர் பால் பிராண்டும் அவருடன் இருந்தவர்களும் தொழுநோயாளிகளின் உணர்வற்ற பாதங்களுக்கென்று கொண்டுவந்த மெத்து ரப்பர் செருப்பு அது. இன்று சுகர் பாதங்களுக்கும் அதுதான் கைகொடுக்கிறது.

ஆபரேஷன் என்றதும் கை கால் நடுங்குகிறது. உண்மையில் என்ன செய்வார்கள்?

மறைக்காமல் சொல்கிறேன். வலிப்பது மரத்துப்போகும் ஊசி மட்டும்தான். விரலின் அடியில் இரண்டு பக்கமும் போடுவார்கள். சில விநாடி நன்றாகவே வலிக்கும், கண்ணில் தண்ணீர் வரும். 5, 10 நிமிடத்தில் விரல் கட்டை மாதிரி ஆகிவிடும். அதன் பிறகு அழுத்துவது தெரியும், வலி தெரியாது. தெரிந்தால் வாய்விட்டுச் சொல்லுங்கள், இன்னும் கொஞ்சம் மருந்து போடுவார்கள்.

விரலின் அடியில் ரப்பரால் இறுக்கி ரத்தத்தை நிறுத்திவிட்டு, குத்துகிற பக்கத்து நகத்தை மட்டும் நீளவாக்கில் ஒரு கீற்றாக வெட்டி உருவுவார்கள். மீதி நகம் அப்படியே இருக்கும். பிறகு அந்த ஓரத்து வேரில் ஃபீனால் என்ற மருந்தைத் தொட்டு வைப்பார்கள். அந்த இடத்தில் நகம் மறுபடி முளைக்காமல் இருக்கத்தான் அது. கர்ப்பமாக இருப்பவர்கள் முன்கூட்டியே சொல்லிவிட வேண்டும். அரை மணி நேரத்தில் எல்லாம் முடிந்து, அன்றே வீட்டுக்குப் போகலாம். பைக்கை நீங்கள் ஓட்ட வேண்டாம், யாரையாவது கூட்டி வாருங்கள். செருப்பு முன்பக்கம் திறந்ததாக இருக்கட்டும்.

அன்று முழுக்கக் காலைத் தலையணை மேல் தூக்கி வையுங்கள். ஃபீனால் வைத்த இடத்தில் சில வாரம் நீர் கசியும், அதைச் சீழ் என்று நினைத்துப் பயந்து வருகிறவர்கள் உண்டு. சிவப்பு பாதத்துக்குப் பரவினாலோ, நாற்றம் அடித்தாலோ, காய்ச்சல் வந்தாலோதான் பயப்பட வேண்டும்.

இரண்டு வருடம் முன்பு முழு நகத்தையும் பிடுங்கினார்கள். நகம் முளைத்து மறுபடி அதே இடத்தில் குத்துகிறது. ஏமாற்றிவிட்டார்களா?

ஏமாற்றவில்லை. ஆனால் வேரை ஒன்றும் செய்யாமல் நகத்தை மட்டும் எடுத்தால் பலருக்குத் திரும்ப வரும். கட்டைவிரல் நகம் முழுதாக முளைக்க 12 முதல் 18 மாதம் ஆகும். அதுவரை நகம் இல்லாத நுனிச் சதை மேலெழும்பி நிற்பதால், முளைத்து வரும் நகம் அதில் முட்டும். இந்தத் தடவை, ஓரத்தை மட்டும் எடுத்து வேருக்கும் மருந்து வைக்க முடியுமா என்று கேளுங்கள்.

செக்யூரிட்டி வேலை. 12 மணி நேரம் ஷூ. என்ன செய்வது?

அண்ணா, ஷூவைச் சாயங்காலத்தில் வாங்குங்கள், பாதம் அப்போதுதான் வீங்கியிருக்கும். நின்ற நிலையில் விரலுக்கு முன்னால் ஒரு கட்டைவிரல் அகலம் இடம் வேண்டும். முனை கூராக இருக்கும் ஷூ வேண்டாம். பருத்திக் காலுறை இரண்டு ஜோடி எடுத்துப் போய் பாதி வேளையில் மாற்றுங்கள். வியர்வையில் ஊறிய சதையை நகம் சுலபமாகக் கிழிக்கும்.

கடைசியாக, நகத்தை எப்படித்தான் வெட்டுவது?

குளித்ததும் நகம் மெத்தென்று இருக்கும்போது, குறுக்காக, நேராக. நுனியில் கொஞ்சம் வெள்ளை தெரிய விடுங்கள். இரண்டு மூலையும் சதைக்கு வெளியே நிற்க வேண்டும். துருத்தினால் அரம் வைத்து லேசாகத் தேயுங்கள், வெட்டாதீர்கள். பார்லரில் பெடிக்யூர் செய்கிறவர்களும் மூலையைத் தொட வேண்டாம் என்று முதலிலேயே சொல்லிவிடுங்கள். நக ஓரத்தில் ரத்தம் கசியும் சிவந்த சதை நீண்ட நாளாக ஆறாமல் இருந்தாலோ, நகத்தில் கறுப்புக் கோடு புதிதாகத் தோன்றி அகலமானாலோ அது வேறு விஷயம், உடனே காட்டுங்கள்.

அக்கா, நான் முதல் கேள்வி கேட்டவரின் பையன். ஆபரேஷன் பண்ணினால் எப்போது ஃபுட்பால் ஆடலாம்?

தம்பி, நடக்க மறுநாளே முடியும். பந்தை உதைக்க, புண் முழுக்கக் காய்ந்து, அழுத்தினால் வலி இல்லை என்று ஆக வேண்டும். சில வாரம் பிடிக்கும். ஆடப் போகும் முன் டாக்டரிடம் ஒருமுறை விரலைக் காட்டிவிடு. அப்படியே உன் பூட்ஸ் அளவையும் பார். வளர்கிற வயசு, போன வருட பூட்ஸ் இந்த வருடம் பத்தாது.