காவ் ஹோங்கும் ஐந்து பெனால்டிகளும்

அன்புள்ள ஐயா,

கோல்கீப்பர்கள் பற்றித் தாங்கள் எழுதிய கட்டுரையில், சீனாவின் காவ் ஹோங்கை அவருடைய தலைமுறையின் முதல் வரிசையில் வைத்திருந்தீர்கள். நான் பள்ளி ஒன்றில் உடற்கல்வி ஆசிரியன். மாணவிகளுக்குக் கால்பந்து பயிற்றுவிக்கிறேன். கட்டுரையை வாசித்த பிறகு 1999 மகளிர் உலகக் கோப்பை இறுதியாட்டத்தின் பெனால்டிகளை அவர்களுக்குப் போட்டுக் காட்டினேன். அமெரிக்கா உதைத்த 5 பெனால்டிகளில் ஒன்றைக்கூட காவ் ஹோங் தடுக்கவில்லை. மறுபுறம் பிரியானா ஸ்கர்ரி ஒன்றைத் தடுத்தார். கோப்பையும் அமெரிக்காவுக்கே போனது. முக்கியமான நாளில் ஒன்றையும் பிடிக்காதவரை எப்படிப் பெரிய கோல்கீப்பர் என்கிறீர்கள் என்று எங்கள் அணியின் கோல்கீப்பரான மாணவி கேட்டாள். அவளுக்கு என்ன சொல்லட்டும்?

செ. கா., கோயம்புத்தூர்

அன்புள்ள செ. கா.,

உங்கள் மாணவி கேட்டது நியாயமான கேள்வி. ஆனால் அவள் பார்த்தது அந்த ஆட்டத்தின் கடைசிச் சில நிமிடங்களை மட்டுமே. 1999 ஜூலை 10 அன்று, கலிஃபோர்னியாவின் பசடேனா நகரில் உள்ள ரோஸ் பௌல் அரங்கில், 90,185 பேர் கூடியிருக்க, கடும் வெயிலில் நடந்த அந்த ஆட்டம் அதற்கு முன் 120 நிமிடங்கள் நீண்டிருந்தது. மியா ஹாம், கிறிஸ்டின் லில்லி போன்றவர்கள் ஆடிய அமெரிக்க அணியால், சொந்த மண்ணில், அத்தனை பேரின் ஆரவாரத்துக்கு நடுவே, அந்த 120 நிமிடங்களில் காவ் ஹோங்கைத் தாண்டி ஒரு கோல்கூடப் போட முடியவில்லை. அதில் கடைசி முப்பது நிமிடங்கள் தங்க கோல் விதிப்படி நடந்தவை. யார் முதலில் கோல் போட்டாலும் ஆட்டம் அங்கேயே முடிந்துவிடும் என்ற நிலையில், ஒரு கோல்கீப்பர் செய்யும் ஒவ்வொரு முடிவும் உலகக் கோப்பையின் முடிவாகவே இருந்தது.

அந்தத் தொடர் முழுவதையும் எடுத்துக்கொண்டால் இது இன்னும் தெளிவாகும். ஆறு ஆட்டங்களில் சீனா போட்ட கோல்கள் 19, வாங்கியவை 2. ஸ்வீடன் ஒன்று, ஆஸ்திரேலியா ஒன்று, அவ்வளவுதான். அரையிறுதியில், அப்போதைய உலகச் சாம்பியனான நார்வேயை சீனா 5-0 என்று வென்றது. இறுதியாட்டத்தில் வென்ற அமெரிக்காவோ தொடரில் 3 கோல்களை வாங்கியிருந்தது. இந்தப் பெருமை முழுவதும் காவ் ஹோங்குக்கே உரியது என்று நான் சொல்ல வரவில்லை. வென் லிரோங், ஃபான் யுன்ஜியே ஆகியோர் நின்ற தடுப்பு வரிசை உலகத் தரமானது. இருந்தாலும், தொடரின் முடிவில் ஃபிஃபா அறிவித்த நட்சத்திர அணியில் கோல்கீப்பராக இடம்பெற்றவர் கோப்பையை வென்ற ஸ்கர்ரி அல்லர், காவ் ஹோங்தான் என்பதை உங்கள் மாணவியிடம் அவசியம் சொல்லுங்கள்.

இனி பெனால்டிகளுக்கு வருவோம். காவ் ஹோங்குக்குப் பெனால்டிகள் புதியவை அல்ல. 1995 உலகக் கோப்பையின் காலிறுதியில், ஹெல்சிங்போர்க் நகரில், போட்டியை நடத்திய ஸ்வீடனுக்கு எதிராக சீனா முன்னிலையில் இருந்தது. கடைசி நேரத்தில் ஸ்வீடன் சமன் செய்தது. ஏறக்குறைய வென்றுவிட்ட ஆட்டம் கைநழுவிப் போவது எந்த அணியையும் நிலைகுலையச் செய்யும். ஆனாலும் பெனால்டியில் சீனா 4-3 என்று வென்று அரையிறுதிக்குப் போனது. மகளிர் உலகக் கோப்பையில் பெனால்டி உதைகளால் முடிவான முதல் ஆட்டம் அதுதான். அன்று சீனாவின் கோல்கீப்பராக நின்றவர் காவ் ஹோங்.

உங்கள் மாணவிக்கு இதைவிடப் பயன்படக்கூடிய செய்தி ஒன்று உண்டு. பசடேனாவில் கடைசிப் பெனால்டியை உதைத்த பிராண்டி சாஸ்டெய்ன், அதே ஆண்டு மார்ச்சில் போர்ச்சுகலில் நடந்த அல்கார்வே கோப்பையில், இதே காவ் ஹோங்குக்கு எதிராக ஒரு பெனால்டியை வீணாக்கியிருந்தார். பந்து மேல்கம்பத்தில் பட்டுத் திரும்பியது. அந்த ஆட்டத்தை சீனா 2-1 என்று வென்றது. அதனால்தான் பசடேனாவில், வழக்கமாக வலது காலால் பெனால்டி உதைக்கும் சாஸ்டெய்னை இடது காலால் உதைக்கும்படி பயிற்சியாளர் டோனி டிசிக்கோ கேட்டுக்கொண்டார். டிசிக்கோவே முன்னாள் கோல்கீப்பர். எதிரில் நிற்பவர் உதைப்பவரின் உடலசைவைப் படித்து வைத்திருக்கிறார் என்ற அச்சம் இல்லாத அணி, உலகக் கோப்பையின் கடைசி உதையில் காலை மாற்றிப் பார்க்கத் துணியாது. அந்த இடது கால் உதையைக் காவ் ஹோங்குக்கு எதிரணி அளித்த மரியாதையாகவே நான் பார்க்கிறேன்.

ஸ்கர்ரி தடுத்த லியூ யிங்கின் உதையைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். உதைக்கும்வரை கோல்கீப்பர் கோல் கோட்டிலேயே இருக்க வேண்டும் என்பது அன்றைய விதி. கோட்டின் மீது பக்கவாட்டில் நகரலாம், முன்னால் வரக் கூடாது. ஸ்கர்ரி உதைக்கு முன்பே கோட்டை விட்டு முன்னால் வந்துவிட்டார் என்பதை ஒளிப்பதிவில் எவரும் காணலாம். நடுவர் நிக்கோல் பெட்டிஞா மறுபடி உதைக்கச் சொல்லவில்லை. இதை நான் ஸ்கர்ரியைக் குறை சொல்ல எழுதவில்லை. அவர் மிகச் சிறந்த கோல்கீப்பர், அந்த அணிக்கு அவர் செய்தது ஏராளம். இரண்டு கோல்கீப்பர்களுக்கு இடையிலான வேறுபாடாக உலகம் நினைவில் வைத்திருப்பது எவ்வளவு மெல்லியது என்பதைக் காட்டவே எழுதுகிறேன். கூடுதல் நேரத்தில் ஃபான் யுன்ஜியே தலையால் முட்டிய பந்து ஸ்கர்ரியைத் தாண்டியே சென்றது. கோட்டில் நின்ற லில்லி அதைத் தலையால் வெளியேற்றினார். லில்லி ஓரடி தள்ளி நின்றிருந்தால் பெனால்டிகளே நடந்திருக்காது, நாமும் இந்தக் கடிதங்களை எழுதிக்கொண்டிருக்க மாட்டோம்.

உள் மங்கோலியாவின் ஹோஹாட் நகரில் 1967-இல் பிறந்த காவ் ஹோங்கின் வாழ்க்கையில் எனக்கு மிகவும் வருத்தம் தரும் பகுதி வேறு. 1996 ஒலிம்பிக் இறுதியாட்டத்திலும் சீனா அமெரிக்காவிடம்தான் 2-1 என்று தோற்றது. அதில் முதல் கோல், மியா ஹாமின் உதையைக் காவ் ஹோங் கம்பத்துக்குத் தட்டிவிட்ட பிறகு, திரும்பி வந்த பந்தை ஷானன் மெக்மில்லன் அடித்தது. முதல் உதையை அவர் தடுத்தார் என்பது கோல் கணக்கில் எங்கும் இருக்காது. பெண்களுக்கான முழுநேரத் தொழில்முறை லீக் அமெரிக்காவில் 2001-இல் தொடங்கியபோதுதான் அவர் நியூயார்க் பவர் அணியில் சேர்ந்தார். அப்போது அவருக்கு வயது 33. அந்த லீக்கும் மூன்றே பருவங்களில், 2003-இல், பணமின்றி நின்றுபோனது. ஆண்களில் இதே திறமை கொண்ட ஒருவருக்கு இருபது வயதிலேயே கிடைக்கும் வாய்ப்பு, அவருக்குக் கிடைத்தது ஆட்ட வாழ்வின் கடைசியில்தான்.

ஆகவே மாணவிகளுக்குப் பெனால்டிகளை விட்டுவிட்டு, கிடைத்தால் அந்த இறுதியாட்டத்தை முழுவதுமாகப் போட்டுக் காட்டுங்கள். பந்து எதிர்ப்பாதியில் இருக்கும்போது காவ் ஹோங் எங்கே நிற்கிறார், கார்னர் உதையின்போது எப்போது வெளியே வருகிறார், எப்போது கோட்டிலேயே நின்றுவிடுகிறார் என்பதை மட்டும் உங்கள் கோல்கீப்பர் குறித்துக்கொள்ளட்டும். பார்த்த பிறகும் அவளுக்கு மாற்றுக் கருத்து இருந்தால் எழுதச் சொல்லுங்கள்; அந்தக் கடிதத்தையும் இங்கே வெளியிடுகிறேன்.